சட்டைக் கையை மடித்தால் போதுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் வெளியிடவில்லை. கடிதத்தின் முற்பாதி நமக்குச் சிரிப்பை வரவழைத்தது. பிற்பாதி அப்படியன்று.

முற்பாதி இதுதான். அவருடைய மகன் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவில் மேஜிக் நிகழ்ச்சி ஒன்று நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து வந்த வித்தைக்காரர் முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் அணிந்து மேடையேறினார். வெறுங்கையிலிருந்து பூவை எடுத்தார், கைக்குட்டையை மறைத்தார், ஆசிரியர் ஒருவரின் காதோரத்திலிருந்து நாணயத்தை வரவழைத்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகன் எழுந்து நின்று, "கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு செய்யுங்கள் சார்!" என்று உரத்த குரலில் கேட்டுவிட்டான். வித்தைக்காரர் புன்னகைத்தார், ஆனால் மடிக்கவில்லை. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அத்தாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். "வயதில் பெரியவரை நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்கலாமா?" என்கிறார் அத்தா. "ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் மடிப்பதில் என்ன கஷ்டம்?" என்கிறான் மகன். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறார் சகோதரி.

முதலில் இதற்கு விடை காண்போம்.

நம் மொழியில் இந்தக் கலைக்குச் செப்பிடு வித்தை என்று பெயர். செப்பு என்பது சிறு கிண்ணம் அல்லது சிமிழ். சிறுமிகள் வைத்து விளையாடும் சொப்புச் சாமான் என்பதும் அதுவே. மூன்று செப்புகளைக் கவிழ்த்து வைத்து, ஒன்றின் அடியில் இட்ட உருண்டையை மற்றொன்றின் அடியில் காட்டும் வித்தையே இக்கலை முழுவதற்கும் பெயராகிவிட்டது. சந்தைத் திடலிலும் பேருந்து நிலையத்தின் ஓரத்திலும் இதைச் செய்தவர்களைப் பார்த்த வாசகர்கள் நம்மிடையே பலர் இருப்பார்கள். குமிழ் வைத்த மரச்செப்புகள் மூன்று, துணி உருண்டைகள் சில, முழங்காலருகே ஒரு பை. தரையில் குந்தி அமர்ந்திருப்பார். மக்கள் நாற்புறமும் வட்டமாக நிற்பார்கள். வெயிலோ உச்சியில் காயும். மேடை இல்லை, திரை இல்லை, விளக்கு வசதி இல்லை. பலருக்குச் சட்டைக் கையே முழங்கைக்கு மேல்தான் இருந்தது. இருந்தும் எவர் கண்ணுக்கும் அந்த உருண்டை அகப்பட்டதில்லை. இந்தக் கலையைக் கொண்டே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் சென்று பெயர் பெற்றவர் ஒருவர் உண்டு. ஆங்கிலேயர் அவரை 'ராமோ சாமி' என்று எழுதினார்கள். இராமசாமி என்ற அப்பெயரைக் கொண்டு பார்த்தால் நம் தென்னாட்டவர் என்றே தோன்றுகிறது. அவர் 1850இல் அங்கேயே இறந்தபோது, அடக்கச் செலவுக்காக அவருடைய மனைவி பத்திரிகை வாயிலாக உதவி கோர வேண்டியிருந்தது என்பது தனிக் கதை.

ஆகவே, இரகசியம் சட்டைக் கைக்குள் இருக்கிறது என்ற எண்ணம் நம் ஊர் வித்தையைப் பார்த்து வந்ததன்று. அது மேடையும் கோட்டும் வந்தபிறகு பிறந்த எண்ணம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வித்தைக்காரர்கள் மந்திரவாதியைப் போல நீண்ட அங்கியும் அகன்ற கையும் தரித்து மேடையேறினார்கள். அந்த அகன்ற கைக்குள் ஒரு கோழியையே ஒளிக்கலாம் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. 1845இல் பாரிஸ் நகரில் தமக்கெனச் சிற்றரங்கு ஒன்றைத் திறந்த இராபர்ட் ஹூடின் என்பவர், கனவான்கள் விருந்துக்குச் செல்லும் சாதாரண மாலை உடையில் தோன்றினார். அந்த உடை பரவியதற்கு அவரையே பெரிதும் காரணமாகச் சொல்வார்கள். அங்கி போனது, சந்தேகம் மட்டும் கோட்டின் கையில் ஒட்டிக்கொண்டு விட்டது.

சட்டைக் கையைப் பயன்படுத்தும் வித்தைகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சில இருக்கின்றன. ஆனால் உள்ளே போன பொருள் கையைத் தாழ்த்தியவுடன் விழுந்துவிடும் என்பதை எவரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரும்பாலான வித்தைகள் உள்ளங்கையிலும், விரல்களின் பழக்கத்திலும், நாம் எங்கே பார்க்கிறோம் என்பதிலும்தான் நடக்கின்றன. கண்கட்டு வித்தை என்று நம் முன்னோர் சொன்னது எத்துணைப் பொருத்தம்! கட்டப்படுவது நம் கண், அவருடைய கையன்று.

இன்னொன்றும் உண்டு. சட்டைக் கையை மடித்தால் அந்த மடிப்பே ஒரு பையாகிறது. பேருந்துச் சீட்டை மடிப்பில் செருகிக்கொள்ளும் அண்ணன்மார்களையும், பீடியை அங்கே பத்திரப்படுத்தும் பெரியவர்களையும் நாம் அறிவோம். நம்மவர்கள் செருகுவதை வித்தைக்காரர் செருகமாட்டாரா? மேலும், மடிப்பதற்காக ஒரு கை மற்றக் கையின் முழங்கையை நோக்கிச் செல்லும்போது நம் கண்களும் அங்கே செல்கின்றன. வித்தைக்காரருக்கு அந்த ஒரு நொடி போதும். மடித்துக் காட்டும் செயலே பல வேளைகளில் வித்தையின் முதல் அடியாக இருக்கிறது. இதைச் சொல்வதால் எந்த வித்தைக்காரரின் பிழைப்பும் கெட்டுவிடாது. தெரிந்த பின்பும் நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே பள்ளியில் மடிக்காமல் நிகழ்த்தியவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதே நம் கருத்து. வங்காளத்தின் பி.சி. சர்க்கார் மகாராஜாவைப் போலப் பட்டு உடையும் தலைப்பாகையும் தரித்து உலகம் சுற்றினார். 1956 ஏப்ரலில் இலண்டன் தொலைக்காட்சியில் அவர் ஒரு பெண்ணை வாளால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அவளை எழுப்பிக் காட்டுவதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்துபோனது. பெண் பிழைத்தாளா என்று கேட்டு நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. கையை மடித்தீரா என்பது எவர் நினைவிலும் எழவில்லை. மேடையில் நிற்பவர், "நான் உங்களை ஏமாற்றப் போகிறேன், முடிந்தால் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லாமல் சொல்லிவிட்டே தொடங்குகிறார். நாமும் அதற்கு உடன்பட்டே அமர்கிறோம். விளையாட்டாகக் காட்டும் இந்த வித்தையைப் பார்ப்பதும் கூடாது என்போர் மார்க்க அறிஞர்களில் உண்டு. தீங்கில்லை என்போரும் உண்டு. அந்த விவாதத்தை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். அத்தா சொன்ன மரியாதையும் சரிதான். ஆனால் மகனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதற்குக் கடிதத்தின் பிற்பாதியைச் சொல்ல வேண்டும்.

சகோதரியின் நாத்தனாருக்கு வலிப்பு நோய். மணமாகி இரண்டு ஆண்டுகள். மதுரையில் மருத்துவரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டு வந்தார். சென்ற ஆண்டு அவர் புகுந்த வீட்டார், ஓதிப்பார்ப்பவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரை வாடிப்பட்டிப் பக்கமிருந்து அழைத்து வந்தார்கள். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். குடும்பத்தாரை முற்றத்தில் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, ஜிப்பாவின் கைகளைத் தோள்வரை சுருட்டி, இரு கைகளையும் விரித்து எல்லாருக்கும் காட்டினார். பிறகு நிலைப்படிக்கு அருகே தோண்டினார். குழிக்குள் கைவிட்டு ஈர மண்ணை அள்ளினார். அதைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இட்டுக் கரைத்தபோது, கோடுகள் கீறிய ஒரு செப்புத் தகடு தென்பட்டது. அடுத்து ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்தார். சாறு இரத்தமாக வழிந்தது. பன்னிரண்டாயிரம் ரூபாயும் இரண்டு பவுன் சங்கிலியும் கைமாறின. "வைப்பை எடுத்தாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நிறுத்திய மூன்றாவது வாரத்தில் அந்தப் பெண் அடுப்பங்கரையில் வலிப்பு வந்து விழுந்து, கையில் தீக்காயம் பட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன மாத்திரையை மறுபடி கொடுக்க மாமியார் இன்றும் தயங்குகிறாராம்.

இப்போது மகன் சொன்னதைக் கேளுங்கள். "மாமி வீட்டுக்கு வந்தவர் கையை மடித்துக்கொண்டுதானே எடுத்தார்? அப்படியானால் அது உண்மை. இவர் மடிக்கவில்லை, இவர்தான் ஏமாற்றுக்காரர்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இம்மாதப் பக்கத்தை ஒதுக்கினோம். மேடைக்காரர் மடிக்க வேண்டியதில்லை. ஆனால் முற்றத்தில் நின்றவர் மடித்தார். தாம் வித்தை காட்டுவதாக அவர் சொல்லவில்லை. தமக்கு ஆற்றல் இருப்பதாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்குச் சாட்சியாகத்தான் வெறுங்கையை விரித்தார். அங்கே மடித்த கை, ஏமாற்றை மறைப்பதற்கு இட்ட திரை. தோண்டிய கை, மண்ணை அள்ளிய கை, தண்ணீரில் கரைத்த கை ஆகிய மூன்றும் ஒரே மனிதருடையவை என்பதை அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு பிடி ஈர மண்ணுக்குள் மறைக்க முடியாத தகடா அது? தோளை எல்லாரும் பார்த்தார்கள். உள்ளங்கையைத் தொடக்கத்தில் ஒரு முறை பார்த்தார்கள். அதன் பிறகு பார்க்கவில்லை.

செய்வினை என்ற ஒன்று உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நாம் செல்லவில்லை. ஆனால் ஸிஹ்ர் என்ற பெயரால் வழங்குவதெல்லாம் ஒன்றல்ல என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். 1210இல் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) தமது தஃப்ஸீரில் ஸிஹ்ரை எட்டு வகையாகப் பிரித்து, கண்களை ஏமாற்றும் கைவித்தையையும் அவற்றில் ஒரு வகையாக வைத்தார். அதே நூற்றாண்டில் சிரியா நாட்டவரான அல் ஜவ்பரீ என்பவர், பக்திமான்களாகவும் வைத்தியர்களாகவும் வேடமிட்டு மக்களை ஏமாற்றியோரின் தந்திரங்களை முப்பது அதிகாரங்களில் ஒரு தனி நூலாகவே எழுதினார். முஸ்லிம் ஊர்களில், முஸ்லிம்களை ஏமாற்றியவர்களைப் பற்றி, ஒரு முஸ்லிம் எழுதிய நூல் அது. நம்மவரைப் பற்றி நாமே பேசலாமா என்று தயங்குவோர் இதை நினைவிற்கொள்ளலாம்.

மூசா நபி (அலை) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகள் அனைவரும் கேட்டதுதான். ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் கயிறுகளையும் தடிகளையும் எறிந்து மக்களின் கண்களை மயக்கினார்கள். மூசா நபியின் கைத்தடி அவற்றை விழுங்கியபோது, இது வித்தையன்று என்று முதலில் உணர்ந்து பணிந்தவர்கள் யார்? கூடியிருந்த மக்கள் அல்லர், மன்னனும் அல்லன். அந்தச் சூனியக்காரர்களே பணிந்தார்கள். அவர்கள் அந்தத் தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். எது தந்திரம், எது தந்திரமன்று என்று பிரித்தறியும் கண் அவர்களுக்கு இருந்தது.

நம் மதுரையோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1340களில் மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் பகுதிக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன், டில்லியில் இப்னு பதூதா மணந்திருந்த பெண்ணின் சகோதரியை மணந்தவர். மதுரை நகரையும், அங்கே அப்போது பரவியிருந்த கொள்ளைநோயையும் அவர் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். பிறகு அவர் சீனா சென்றார். ஹாங்சோ நகரின் ஆளுநர் அளித்த விருந்தில் ஒரு வித்தைக்காரர், நீண்ட தோல் வார் கோத்த மர உருண்டையை மேலே எறிந்தார். அது கண்ணுக்கு மறைந்தது. சிறுவன் ஒருவன் வாரைப் பற்றி ஏறி மறைந்தான். வித்தைக்காரரும் கத்தியுடன் ஏறினார். சிறுவனின் கை, கால், தலை என ஒவ்வோர் உறுப்பாகத் தரையில் விழுந்தது. பின்னர் அவர் இறங்கி வந்து உறுப்புகளைச் சேர்த்து வைத்து ஓர் உதை விட, சிறுவன் எழுந்து நின்றான். கண்டம் விட்டுக் கண்டம் சுற்றிய இப்னு பதூதாவுக்கு நெஞ்சு படபடத்து, மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அருகில் அமர்ந்திருந்த காஜி, எவரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, எதையும் வெட்டவுமில்லை, எல்லாம் கண்கட்டு என்று ஆணையிட்டுச் சொன்னார். தாம் பயந்ததையும் காஜி சொன்னதையும் ஒருசேர எழுதிவைத்த அவருடைய நேர்மையை நாம் பாராட்ட வேண்டும். திருமங்கலத்து முற்றத்தில் அந்தக் காஜியைப் போன்ற ஒருவர்கூட இல்லாமல் போனார்.

வித்தையை ஆற்றலாகக் காட்டினால் என்ன நேரும் என்பதற்கு, மேலே சொன்ன இராபர்ட் ஹூடினே சாட்சி. 1856இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மராபூத்துகள் எனும் பெரியோர்களைவிடப் பிரெஞ்சுக்காரரின் சக்தி பெரிது என்று காட்டுவதற்காகவே அனுப்பியது. சிறு பிள்ளையும் தூக்கக்கூடிய ஒரு பெட்டியை மேடையில் வைத்து, பலசாலியான ஓர் அரபியை அழைத்தார். உம் பலத்தை எடுத்துவிட்டேன் என்றார். அந்த மனிதரால் பெட்டியை அசைக்க முடியவில்லை. அடியில் இருந்தது மின்காந்தம். ஹூடின் தோள்வரை கையைச் சுருட்டியிருந்தாலும் அந்த மனிதருக்கு எதுவும் விளங்கியிருக்காது. பிறகு எல்லாம் தந்திரமே என்று மக்களுக்கு விளக்கப்பட்டதாக அவரே எழுதுகிறார். வென்றவர் எழுதிய நினைவுக் குறிப்பு என்பதால் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். பாரிஸில் அதே பெட்டி பொழுதுபோக்கு. அல்ஜீரியாவில் அது ஆட்சியின் ஆயுதம்.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963ஆம் ஆண்டு ஓர் அறைகூவல் விடுத்தார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாகச் சொன்னார். உறையிட்டு முத்திரை வைத்த நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும் என்பது அவர் பட்டியலில் ஒன்று. அவர் 1978இல் காலமாகும்வரை அப்பணத்தை எவரும் பெறவில்லை. கோவூர் இறைமறுப்பாளர், அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆனால் நிபந்தனையை விதிக்க வேண்டியவர் சோதிப்பவரே என்ற அவருடைய முறை சரியானது. முற்றத்தில் நிபந்தனையை விதித்தவர் யார்? "ஒதுங்கி நில்லுங்கள், நான் மடிக்கிறேன், நான் தோண்டுகிறேன்" என்று வந்தவரே எல்லாவற்றையும் முடிவு செய்தார். வீட்டிலுள்ள ஓர் ஆள் தோண்டட்டும், அவரே அள்ளட்டும், அவரே கரைக்கட்டும் என்று சொல்லியிருந்தால் தகடு வந்திருக்காது.

மேடைக்காரரின் இரகசியத்தை நாம் வெளியிடமாட்டோம்; அது அவருடைய சோறு. எலுமிச்சம்பழத்தின் இரகசியத்தை வெளியிடுவதில் நமக்குத் தயக்கம் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கும் என்பது நம் பெண்களுக்குத் தெரிந்ததே. இதுவும் அதைப் போன்றதுதான். செம்பருத்திப் பூவின் இதழ்களைக் கத்தியின் அலகில் நன்றாகத் தேய்த்து உலர விடுங்கள். அந்தக் கத்தியால் எலுமிச்சம்பழத்தை அறுத்தால், பூவின் சாயத்தில் பழத்தின் புளிப்பு பட்டு, சாறு சிவந்து வழியும். ஓதவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்.

இனிச் சகோதரிக்கு. முதலில் மாத்திரை. வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் முன்னிலும் கடுமையான வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். செலவு தடையாக இருந்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு இந்த வாரமே நாத்தனாரை அழைத்துச் செல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் கையோடு கொண்டு போங்கள். துஆ செய்வதை எவரும் தடுக்கவில்லை; துஆவும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் ஜமாஅத்தில் அவர் மதிக்கும் ஆலிம் ஒருவர் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்து சங்கிலி. தாயத்து, மந்திரம் போன்றவற்றால் வலிப்பு முதலான நோய்கள் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. வந்தவர் நோட்டீஸ் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றிப் பொருள் பறிப்பது முன்பு 420ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 318ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கொடுக்காவிட்டால் அதே தகடு அடுத்த தெருவில் தோண்டப்படும்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். செம்பருத்தியும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குச் செல்லட்டும். மாமியார் உட்பட எல்லாரும் அமர்ந்திருக்கும்போது அறுத்துக் காட்டட்டும். எப்படி என்று அவர்கள் கேட்ட பிறகு சொல்லட்டும். கத்தியை மட்டும் அத்தா பிடித்துக்கொள்வது நல்லது.